இருசக்கர உழவு இயந்திரம்: அபாயமின்றி இயக்கலும் பழுதின்றிப் பேணலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே சிறு கமக்காரருக்குப் பெரிதும் துணைபுரியும் சாதனங்களுள் இருசக்கர உழவு இயந்திரமும் ஒன்றாகும். நான்குசக்கர உழவு இயந்திரம் திரும்புவதற்கு இடமில்லாத சிறு தோட்டத் துண்டுகளிலும், வேலியும் கிணறும் வாய்க்காலும் நெருங்கியுள்ள காணிகளிலும் இதனைக் கையால் நடத்தி உழலாம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நிலம் பண்படுத்தவும், காலபோக நெல்வயலைச் சேறாக்கவும், பெட்டி பூட்டி விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் இவ்வொரு இயந்திரமே போதுமானது.

இதனை நம்மவர் லான்ட்மாஸ்டர் என்றே அழைப்பர். லான்ட்மாஸ்டர் என்பது பிரித்தானிய இயந்திரமொன்றின் வர்த்தகப் பெயர். அதன் இருசக்கர உழவு இயந்திரத்தை 1950ஆம் ஆண்டுகளில் உருவாக்கியதில் இலங்கைப் பொறியியலாளரான ரே விஜயவர்தன (1924–2010) அவர்களுக்கும் பங்குண்டு. அவ்வியந்திரம் வழக்கொழிந்த பின்னரும் பெயர் நிலைத்துவிட்டது. இன்று யப்பான், சீனா முதலிய நாடுகளிலிருந்து வரும் இயந்திரங்களும் இப்பெயராலேயே வழங்கப்படுகின்றன.

பெயர் பழகியதாயினும் இயந்திரம் எளியதன்று. பெரிய ரகங்கள் சுழல் கலப்பையுடன் 300 கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையுடையவை. றொட்டவேற்றர் எனப்படும் சுழல் கலப்பையின் அச்சு நிமிடமொன்றுக்கு ஏறக்குறைய 200 முதல் 300 தடவை வரை சுழலும். அதாவது, ஒரு விநாடி கழிவதற்குள் ஒவ்வொரு கத்தியும் மூன்று தடவையேனும் சுற்றி வந்துவிடும். ஆபத்தைக் கண்டு கை கிளச்சை நாடுவதற்குள் கத்தி தன் வேலையை முடித்துவிடும் என்பதை மறத்தலாகாது. அக்கத்திகளோ ஓட்டுபவரின் பாதங்களுக்குச் சற்று முன்னே சுழல்கின்றன.

ஆகவே, இரண்டு விதிகளைக் கமக்காரர் மனத்திற் பதித்தல் வேண்டும். முதலாவது, இயந்திரம் செல்லும் நிலத்தில் அதற்கு முன் மனிதர் நடந்து பார்த்திருத்தல் வேண்டும். இரண்டாவது, என்ஜின் முற்றாக நிற்கும்வரை கத்திகளின் அருகே கையோ காலோ செல்லலாகாது. கீழே கூறப்படுவன பெரும்பாலும் இவ்விரு விதிகளின் விரிவேயாகும்.

நிலத்தை நடந்து பார்த்தல்

காங்கேசன்துறை, தெல்லிப்பளை, மயிலிட்டி ஆகிய பகுதிகளின் செம்பாட்டு மண் சுண்ணாம்புக்கற் பாறையின் மீது படிந்துள்ளது. 1950ஆம் ஆண்டு முதல் 1990ஆம் ஆண்டு வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாக அமைந்ததும் இக்கல்லேயாகும். ஒரே தோட்டத்தில் ஓரிடத்தில் முழ ஆழத்துக்கு மேல் மண் இருக்க, பத்தடி தள்ளி ஒரு சாண் ஆழத்திலே கல் தட்டுப்படுவதுண்டு. சுழலும் கத்தி அக்கல்லில் மோதினால் இயந்திரம் முன்னோக்கித் துள்ளிப் பாயும். கத்தி முறிந்து தெறிக்கவும், சங்கிலியோ பற்சில்லோ உடையவும் கூடும். கல் தலைகாட்டும் இடங்களில் தடி நாட்டி அடையாளமிடுதல் நன்று. அறியாத நிலத்தில் முதல் உழவை ஆழங் குறைத்து மெதுவாக உழுதல் வேண்டும். இரண்டாம் உழவில் ஆழத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

1990இல் மக்கள் இடம்பெயர்ந்தமையால் தரிசாய்க் கிடந்து, 2009இல் யுத்தம் முடிவுற்ற பின் பகுதி பகுதியாக உரியவரிடம் வந்து சேர்ந்த காணிகள் இப்பகுதியிற் பல. இவற்றில் பற்றையின் கீழே முட்கம்பியும், இரும்புத்துண்டும், இடிந்த சுவரின் அத்திவாரமும், வாய்க்கட்டு அழிந்த கிணறும் மறைந்திருக்கலாம். முட்கம்பி கத்தியச்சிற் சுற்றிக்கொண்டால் அதன் மறுமுனை சவுக்கைப் போல வீசும். எனவே பற்றையைக் கையால் வெட்டி, நிலத்தைக் கண்ணாற் கண்ட பின்னரே இயந்திரத்தை இறக்குதல் வேண்டும்.

இவற்றிலும் பாரதூரமான ஆபத்து வெடிபொருளாகும். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்படாத காணியில் பற்றை வெட்டவோ உழவோ வேண்டாம். உறுதி செய்யப்பட்ட காணியிலும் ஐயத்துக்கிடமான பொருள் தென்படின் அதனைத் தொடுதலும் புரட்டுதலும் கூடாது. வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, பிறர் அணுகாதபடி தூரத்தில் அடையாளமிட்டு, கிராம உத்தியோகத்தருக்கோ 119 என்ற தொலைபேசி இலக்கத்திற் பொலிசாருக்கோ அறிவித்தல் வேண்டும்.

இயக்குமுன் கவனிக்க வேண்டியவை

1. உடை: சாரம், தோளிலிடும் துவாய், தொங்கும் சால்வை ஆகியன இயக்குபட்டியிலும் கத்தியிலும் சிக்கும். உடலோடு ஒட்டிய காற்சட்டையும், தடித்த அடியுள்ள சப்பாத்தும் அணிதல் வேண்டும். வெறுங்காலுடனோ செருப்புடனோ இயக்குதல் ஆகாது.

2. மூடிகள்: இயக்குபட்டியின் மூடியும் சுழல் கலப்பையின் மேல் தகடும் தத்தம் இடத்தில் இறுக்கமாக இருத்தல் வேண்டும். திருத்துவதற்காகக் கழற்றிய மூடியை மீளப் பூட்டாது உழச் செல்வது பெருந்தவறு.

3. ஆணிகள்: ஒவ்வொரு கத்தியின் ஆணியையும் சாவியால் இறுக்கிப் பார்க்குக. தேய்ந்த கத்தியையும் வெடிப்புள்ள கத்தியையும் மாற்றுக.

4. எண்ணெயும் நீரும்: என்ஜின் எண்ணெயை இயந்திரம் சமதரையில் நிற்கும்போது அளவுகோலாற் பார்க்குக. குளிர்விக்கும் நீரையும் டீசலையும் நிரப்புக. சூடான என்ஜினில் நீர்மூடியைத் திறந்தால் கொதிநீராவி முகத்தில் அடிக்கும். எரிபொருள் ஊற்றும்போது சுருட்டோ பீடியோ அருகில் இருத்தல் கூடாது.

5. சுற்றுப்புறம்: சிறுவர்களையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்துக. கத்தி ஆழமாக இறங்குவதற்காகக் கலப்பையின் தகட்டில் பிள்ளைகளை ஏற்றி நிறுத்துவது உயிரைப் பணயம் வைப்பதாகும். பாரம் தேவையாயின் தயாரிப்பாளர் குறித்த முறையிலேயே சேர்த்தல் வேண்டும்.

என்ஜினை இயக்குதல்

கியர் நடுநிலையிலும் பிரதான கிளச் விடுபட்ட நிலையிலும் உள்ளனவா எனப் பார்த்த பின்னரே கைப்பிடியைச் சுற்றுக. பெருவிரலையும் மற்றைய நான்கு விரல்களுடன் ஒரே பக்கத்தில் வைத்துப் பிடித்தல் வேண்டும்; என்ஜின் எதிர்த்து உதைக்குமாயின் பெருவிரல் முறியாது தப்பும். அமுக்கம் நீக்கும் நெம்பை இழுத்துப் பிடித்தபடி வேகமாகச் சுற்றி, வேகம் ஏறியதும் நெம்பை விடுக. என்ஜின் பற்றிக்கொண்டதும் கைப்பிடி தானே கழன்று வரும். அதுவரை அதனை இடையில் கைநழுவ விட்டால் அது சுழன்று முகத்தையோ கையையோ தாக்கும்.

அடைத்த கொட்டிலினுள் என்ஜினை ஓடவிடுதல் ஆகாது. புகையோடு வெளிவரும் காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதனைச் சுவாசித்தவர் அறியாமலே மயங்கி உயிரிழத்தல் கூடும்.

உழும்போது

பின்னோக்கிச் செலுத்தும் கியரே இவ்வியந்திரத்தில் அதிக அபாயமுடையது. பின்கியர் விழுந்ததும் கைபிடிகள் மேலெழும். ஓட்டுபவர் பின்னாலுள்ள மதிலுக்கோ பனைக்கோ கைபிடிக்கோ இடையில் நசுங்குவார். கால் இடறினாலோ சுழலும் கத்திகள் அவர் மீதே ஏறும். ஆதலால், பின்னோக்கிச் செலுத்துமுன் சுழல் கலப்பையின் இயக்கத்தைத் துண்டித்து, என்ஜின் வேகத்தைக் குறைத்து, பின்புறத்தைத் திரும்பிப் பார்த்து, கிளச்சை மெதுவாக விடுதல் வேண்டும். பின்கியரில் கத்தி சுழலாதபடி தடுக்கும் பூட்டுப் பல இயந்திரங்களில் உண்டு. வேலை விரைவாகும் என்று அதனைக் கழற்றுவோர் தமக்குத் தாமே குழி வெட்டுகின்றனர்.

கிணற்றோரத்தில் உழும்போது கிணற்றை நோக்கி உழுது சென்று திரும்புதல் தவறு. கிணற்றுக்குச் சமாந்தரமாக, சில யார் இடைவெளி விட்டு உழுது, எஞ்சிய துண்டை மண்வெட்டியாற் கொத்துக. வேலியோரத்துக்கும் இதுவே முறை.

சரிவில் இறங்கும்போது திருப்புங் கிளச்சுகள் எதிர்மாறாக வேலை செய்யும். சமதரையில் இடக்கிளச்சை அழுத்தினால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். சரிவிலோ, விடுபட்ட சில்லு தடையின்றி விரைந்து உருளுவதால் இயந்திரம் வலப்பக்கம் திரும்பிவிடும். வாய்க்கால் வரம்பையும் தெருவோரச் சரிவையும் கடக்கும்போது குறைந்த கியரில், கிளச்சுகளைத் தொடாது, கைபிடிகளைத் தள்ளித் திருப்புதல் வேண்டும். பெட்டி பூட்டி இறங்கும்போது இது மேலும் முக்கியமானது.

கத்தியிற் புல்லோ கொடியோ கயிறோ சுற்றிக்கொண்டால் கிளச்சை விடுவிப்பது மட்டும் போதாது. என்ஜினை நிறுத்துக, கத்திகள் நின்றனவா எனக் கண்ணாற் காண்க, அதன் பின்னரும் கையால் அன்றி, கொக்கியாலோ கத்தியாலோ வெட்டி எடுக்குக. கீழே கைவிட நேரிடின் கலப்பையை உயர்த்தி, உறுதியான மரக்கட்டையால் முட்டுக் கொடுத்தல் வேண்டும்.

சேற்று வயலில்

நெல்வயலில் இரும்புச் சில்லுப் பூட்டி உழும்போது பாதம் சேற்றிற் புதைவதால், ஓட்டுபவர் விரைந்து விலக இயலாது. ஆதலால் என்ஜின் வேகத்தைக் குறைத்தே திருப்புதல் வேண்டும். இயந்திரம் புதைந்துவிட்டால் முன்னும் பின்னும் உலுக்கி எடுக்க முயலாது, என்ஜினை நிறுத்திப் பலகை இட்டு வெளியேற்றுக.

சேற்றினால் வரும் மற்றோர் ஆபத்து எலிக்காய்ச்சல். 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் யாழ்ப்பாண மாவட்டத்தில் இந்நோயால் உயிரிழப்புகள் நேர்ந்தன. கால்களிற் காயமுள்ளவர் அது ஆறும்வரை சேற்றில் இறங்காதிருத்தல் நன்று. வயலில் இறங்குவோர் தடுப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.

பராமரிப்பு

இயந்திரம் பழுதடையும் வேளையிலேயே அவசரமும், அவசரத்தினால் விபத்தும் வருகின்றன. ஆகையால் பராமரிப்பும் பாதுகாப்பின் ஒரு பகுதியேயாகும்.

நாள்தோறும்: வேலை முடிந்ததும் என்ஜின் ஆறிய பின் இயந்திரத்தை நன்னீரிற் கழுவித் துடைக்குக. இப்பகுதியிற் கடற்காற்றின் உப்பு இரும்பை விரைவில் அரிக்கும். பார்த்தீனியம் முதலிய களைகளின் விதைகள் சில்லிலும் கத்தியிலும் ஒட்டிய மண்ணோடு அடுத்த காணிக்குச் செல்வதும் கழுவுதலால் தடுக்கப்படும். செம்பாட்டுப் புழுதியில் உழுத நாட்களில் காற்று வடிகட்டியைத் தவறாது துப்புரவு செய்க. புழுதி உட்சென்றால் என்ஜினின் உருளையும் முசலமும் காலத்துக்கு முன் தேய்ந்துவிடும்.

வாரந்தோறும்: இயக்குபட்டியின் நடுவே விரலால் அழுத்திப் பார்க்குக. ஏறக்குறைய ஒரு விரலகலம் அமிழ்தல் போதும். தளர்ந்த பட்டி வழுக்கிச் சூடேறும். மிக இறுகிய பட்டி தாங்கியைத் தேய்க்கும். பட்டிகளுள் ஒன்று பழுதாயின் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுக.

எண்ணெய் மாற்றுதல்: புதிய இயந்திரத்தில் முதல் எண்ணெயை விரைவிலும், பின்னர் ஏறக்குறைய 100 மணித்தியாலத்துக்கு ஒரு முறையும் மாற்றுதல் பொது வழக்கம். அவரவர் இயந்திரத்தின் கைந்நூல் கூறும் கணக்கே முடிவானது. கியர்ப்பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் வயல்நீர் உட்புகுந்ததென அறிந்து, எண்ணெயையும் நீர்புகாத் தடுப்பு வளையத்தையும் மாற்றுக.

கழிவெண்ணெயை நிலத்தில் ஊற்றுதல் கூடாது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடாக அது நிலத்தடி நீரை அடையும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றி எழுந்த பெருங்கவலையை யாவரும் அறிவர். கழிவெண்ணெயை மூடியுள்ள கலனிற் சேர்த்து, அதனை ஏற்கும் வாகனத் திருத்துமிடத்தில் ஒப்படைக்குக.

குளிர்விக்கும் நீர்: நமது கிணற்று நீர் கடினநீர். கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிவதே என்ஜினின் உள்ளும் படிந்து, சூடு வெளியேறாது தடுக்கும். மாரியிற் சேமித்த தூய மழைநீர் இதற்கு ஏற்றது. தயாரிப்பாளர் குளிர்விக்குந் திரவத்தை விதித்திருப்பின் அதனையே உபயோகிக்குக.

எரிபொருள்: டீசலை வடித்து ஊற்றுக. குழாயிற் காற்று அடைத்து என்ஜின் நின்றால் காற்றகற்றும் திருகைத் தளர்த்தி, குமிழிகள் நிற்கும்வரை டீசலை வெளியேற்றுக. எரிபொருளைச் சீறும் குழலின் வாயருகே கையை வைத்தல் மிக ஆபத்தானது. அந்த அமுக்கத்தில் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். சிறு புள்ளியாகத் தோன்றினும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

காயம் நேரின்

என்ஜினை நிறுத்துக. குருதி பாயும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாது அழுத்திப் பிடித்து, அவயவத்தை உயர்த்தி வைக்குக. 1990 என்னும் இலக்கத்திற்குத் தொலைபேசியில் அறிவித்தால் இலவச நோயாளர் காவுவண்டி வரும். அண்மையில் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலை உண்டு. மண்பட்ட காயம் சிறிதாயினும் ஏற்புவலித் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்டல் வேண்டும். காயத்தில் கோப்பித்தூளோ சாம்பலோ இடுதல் தீங்கு விளைக்கும்.

வாடகைக்கு உழுவிப்போர்க்கு

இயந்திரம் இல்லாதோர் பரப்புக் கணக்கிலோ மணிக் கணக்கிலோ கூலி பேசி உழுவிக்கின்றனர். முதல் மழை விழுந்ததும் எல்லோருக்கும் ஒரே நாளில் உழவு வேண்டியிருப்பதால், ஓட்டுபவர் இருட்டிலும் களைப்பிலும் வேலை செய்ய நேரிடுகிறது. காணியை அறிந்தவர் காணிக்காரரே. கல், கம்பி, கிணறு ஆகியன இருக்குமிடங்களை அவரே முன்னின்று ஓட்டுபவருக்கு நடந்து காட்டுதல் கடமையாகும். அதற்குச் செல்லும் கால் மணித்தியாலத்தைக் கூலியோடு சேர்த்துக் கொடுப்பவர் நட்டமடைவதில்லை. ஒரு நாள் பிந்திய உழவை அடுத்த மழை ஈடுசெய்யும். இழந்த பாதத்தை எந்தப் போகமும் ஈடுசெய்யாது.

மேலும் விபரம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் கண்டு பேசலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.