பத்து ரூபாய்த் தண்டம்

இலங்கையின் சட்டப் புத்தகத்தில் 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்னமும் உயிரோடு இருக்கிறது. அலைந்து திரிவோரைப் பற்றிய சட்டம் அது. பாடுபட மறுத்து இரந்து திரிபவனையும் தெருவில் ஒழுங்கீனமாக நடந்துகொள்ளும் விலைமாதையும் ஒரே பிரிவில் வைக்கிறது. தண்டனை, 14 நாளுக்கு மேற்படாத மறியல் அல்லது பத்து ரூபாய்க்கு மேற்படாத தண்டம். பத்து ரூபாய் ஒரு காலத்தில் ஒரு குடும்பத்தின் பல நாள் அரிசி. இன்று பாசையூர்ச் சந்தையில் அந்தக் காசுக்கு ஒரு நெத்தலியும் வராது. தண்டத்தின் பெறுமதி கரைந்துபோயிற்று. பதினான்கு நாள் மட்டும் அன்றைக்குப்போல் பதினான்கு நாளாகவே இருக்கிறது.

விபசாரத்தைச் சட்டபூர்வமாக்கி ஒழுங்குபடுத்தலாமா என்ற கேள்வி கொழும்பில் அவ்வப்போது எழும். யாழ்ப்பாணம் வந்து சேரும்போது அது கேள்வியாக இருப்பதில்லை, ‘கலாசாரச் சீரழிவு’ என்ற தலைப்பாக மாறிவிடும். வயதுவந்த இருவர் உடன்பட்டு, இடையில் காசு கைமாறுவதை மட்டும் எடுத்துக்கொண்டால் இலங்கைச் சட்டம் அதைக் குற்றமென்று சொல்லவில்லை. அதைச் சுற்றியுள்ள ஏறக்குறைய எல்லாமே குற்றம். பொது இடத்தில் அழைத்தால் 1841இன் 7ஆம் பிரிவு: 100 ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை மறியல், அல்லது இரண்டும். விடுதி நடத்தினால் 1889ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். பெண்ணைக் கொண்டுபோய் இத்தொழிலில் சேர்த்தால், ஆட்களைக் கடத்தினால், தண்டனைச் சட்டக்கோவை இருக்கிறது. சேர்ப்பதும் கடத்துவதும் தண்டிக்கப்பட வேண்டியவை. அதில் எனக்கு வழக்கில்லை. 1841தான் உறுத்துகிறது.

பழைய யாழ்ப்பாணம் இந்த விஷயத்தை இவ்வளவு மூடிவைக்கவில்லை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயில் தாசியான கனகியைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் நட்டுவச் சுப்பையனார் ஒரு புராணமே பாடினார். இன்று எஞ்சியிருப்பது சில பாடல்கள்தான். அவளைத் தேடிப்போன பெரிய மனிதர்களை வரிசையாக நிறுத்தி நையாண்டி செய்த பாட்டு அது. கனகி தப்பவில்லை, ஆனால் போனவர்களும் தப்பவில்லை. ஆறுமுக நாவலர் கோயில்களில் தாசிகள் ஆடுவதைக் கடுமையாகக் கண்டித்தார். இருந்தும் சின்னமேளம் என்ற அந்த ஆட்டம் திருவிழாக்களில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் தொடர்ந்தது. அக்கரையில் தாசி முறைக்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய போராட்டம் 1947இல் மதராஸ் மாகாணத்தில் சட்டமாயிற்று. கோயில் வீதி சுத்தமாயிற்று என்று ஆறுதல்பட்டோம். ஆடிய பெண்கள் பிறகு எதைக்கொண்டு சீவித்தார்கள் என்று பாட ஒரு சுப்பையனார் வரவில்லை.

எங்கள் குருநகரில் இப்படியெல்லாம் இருந்ததா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். யாழ்ப்பாணத்தில் எந்த ஊரும் தன்னைச் சொல்லாது, அடுத்த ஊரைக் காட்டும். கரையூர் என்ற பழைய பெயரைக் கொண்ட கத்தோலிக்கக் கடற்றொழில் ஊர் இது. ஆண் கடலில், பெண் கரையில். மீன் விற்பதும் கருவாடு போடுவதும் கடன் வாங்குவதும் கடன் அடைப்பதும் அவள் பொறுப்பு. புருஷன் கடலோடு போய்விட்டால் தமையன்மார், மச்சான்மார், கோயில், சங்கம் என்று ஒரு வட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. அந்த வட்டம் அவளுக்குச் சோறும் போட்டது, அவள் எங்கே போகிறாள் என்று கண்ணும் வைத்திருந்தது. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வழியில்லை.

போர் முதலில் அந்த வட்டத்தைத்தான் வெட்டியது. 1986 ஜூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டபோது குருநகரில் ஒரே நாளில் பல வீடுகள் ஆண் இல்லாத வீடுகளாயின. 1993 நவம்பர் 13இல் யாகப்பர் கோயிலின் மேல் குண்டு விழுந்தது. 1995 ஒக்ரோபர் 30இல் ஊரே இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் நடந்தது. திரும்பி வந்தவர்களுக்குப் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. தமையன் கனடாவில், மச்சான் பிரான்சில். போர் முடிந்த மறு ஆண்டு அரசாங்கம் சொன்ன கணக்கின்படி வடக்கில் 40,000 விதவைகள், கிழக்கில் 49,000. இவர்களெல்லாம் கெட்ட வழிக்குப் போனார்கள் என்ற தொனியில் சிலர் எழுதியதுண்டு. அது அநியாயம். மிகப் பெரும்பாலோர் மீன் விற்றும் இடியப்பம் அவித்துக் கொடுத்தும் பிள்ளைகளை ஆளாக்கினார்கள். போன சிலரைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இடையில் இன்னொரு காலம் இருந்தது. எண்பதுகளின் நடுவில் ஆயுத இயக்கத்தார் ஆட்களை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். கழுத்தில் ஒரு மட்டை, அதில் குற்றம். காட்டிக்கொடுத்தவர், களவெடுத்தவர், ‘சமூக விரோதி’. பெண்களும் அதில் இருந்தார்கள். நடத்தை சரியில்லை என்பதும் மட்டையில் எழுதக்கூடிய குற்றமாக இருந்தது. விடியற்காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதை வாசித்துக்கொண்டு போனார்கள். பின்னர் 1990 தொடக்கம் 1995 வரை புலிகளின் ஆட்சி. அந்த ஐந்து வருடத்தை நினைத்துப் பெருமூச்சுவிடுபவர்கள் இன்றும் எங்கள் தெருவில் உண்டு. நடுச்சாமத்தில் நகை போட்ட பெண் தனியாக நடந்து வரலாம் என்பார்கள். பொய்யில்லை, வரலாம். ஆனால் கம்பத்தில் தொங்கியவள் தன் பக்கத்துக் கதையை யாரிடம் சொன்னாள், கூட இருந்த ஆண் யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஒரு நூற்றாண்டுக்கு முன் சுப்பையனார் ஆண்களின் பெயர்களைத்தான் எழுதினார். மட்டையில் பெண்ணின் குற்றம் மட்டும் இருந்தது.

இன்றைய முறை மென்மையானது. ஏ9 வீதி திறந்தது, 2014இல் யாழ்தேவி திரும்பி வந்தது, நகரத்தில் விடுதிகள் பெருகின. அன்று இதற்கு ஒரு இடம் வேண்டும், ஒரு தரகர் வேண்டும், இருட்டு வேண்டும். இன்று கைத்தொலைபேசி ஒன்று போதும்; இடம் மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறும். மாறாதது பத்திரிகைச் செய்தி. ‘விபசார விடுதி முற்றுகை’ என்று தொடங்கும். இத்தனை பெண்கள் கைது என்று எண்ணிக்கை வரும். அவர்களின் வயதும் ஊரும் வரும். சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு வாகனத்தில் ஏறும் படம் இணையத்தில் வரும். நீதவான் முன் நிறுத்தினால் அநேகமானோர் குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள், தண்டம் கட்டுவார்கள், போவார்கள். வழக்காடினால் இன்னும் இரண்டு மூன்று தவணைக்கு அதே வாசலில் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். தண்டம் கட்டிய காசை எங்கே உழைப்பார்கள் என்பது நீதிமன்றத்துக்கும் தெரியாததல்ல.

அப்படியானால் சட்டபூர்வமாக்கி, அனுமதிப்பத்திரம் கொடுத்து, மருத்துவப் பரிசோதனை வைத்து ஒழுங்காக நடத்தலாமே என்று படித்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். இது புதிய யோசனையில்லை. வெள்ளைக்காரன் 1867இல் இலங்கையில் தொற்றுநோய்க் கட்டளைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து அதைத்தான் செய்து பார்த்தான். பெண்ணைப் பதிவேட்டில் ஏற்று, உடலைச் சோதி, நோய் இருந்தால் பூட்டிவை. சிப்பாய்க்கு நோய் வரக்கூடாது என்பதே நோக்கம். சிப்பாயை எவரும் சோதிக்கவில்லை. இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் நடத்திய போராட்டத்தால் அங்கே அந்தச் சட்டங்கள் 1886இல் நீங்கின. சில ஆண்டுகளில் குடியேற்ற நாடுகளிலும் அவற்றின் வேகம் அடங்கியது. ஒழுங்குபடுத்தல் என்பதை நாம் ஏற்கெனவே ஒரு தடவை அனுபவித்துவிட்டோம்.

அதற்கு மேல் யாழ்ப்பாணத்துக்கென்றே ஒரு தடை இருக்கிறது. ஹொலண்ட் 2000ஆம் ஆண்டில் விடுதிகளைச் சட்டபூர்வமாக்கி அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்தது. அங்கேகூட அனுமதிக்கு வெளியே நடப்பது நின்றபாடில்லை. இங்கே ஒருவரைச் சந்தித்த இரண்டாவது நிமிடத்தில் ‘நீர் எவடம்?’ என்று கேட்போம்; மூன்றாவது நிமிடத்தில் தகப்பன் பெயர், கோயில், ஒழுங்கை எல்லாம் கைக்கு வந்துவிடும். கச்சேரியில் அப்படியொரு பதிவேட்டைத் திறந்தால், அதை எழுதும் இலிகிதருக்கு அந்தப் பெண் எங்கேயோ ஒரு முறையில் மச்சாள் ஆவாள். மகளின் கலியாணப் பேச்சு வரும்போது பதிவேட்டின் அந்தப் பக்கம் எங்கே போகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எவள் போய்ப் பெயர் எழுதுவாள்? எழுதாதவர்கள் எல்லோரும் அப்போது அனுமதியில்லாதவர்கள் ஆவார்கள்; 1841 ஓய்வுபெற்று அதன் வேலையைப் புதிய சட்டம் ஒன்று ஏற்கும்.

நியூசிலாந்து 2003இல் வேறு வழியில் போனது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், 60க்கு 59 என்று, இத்தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. தனியே தொழில் செய்யும் பெண் எந்தப் பதிவேட்டிலும் ஏற வேண்டியதில்லை. பலவந்தமும் சிறுவரைப் பயன்படுத்துவதும் குற்றமாகவே நீடித்தன. பக்கத்து இந்தியாவில் 1999இல் கொல்கத்தாவில் ஒரு பெண் கொல்லப்பட்ட வழக்கின் தொடர்ச்சியாக உச்ச நீதிமன்றம் 2022 மே 19இல் சில பணிப்புகளை விடுத்தது. இத்தொழிலில் இருக்கும் பெண்ணைப் பொலிஸ் கண்ணியமாக நடத்த வேண்டும். ஊடகங்கள் அவளை அடையாளம் காட்டக்கூடாது. அவள் கையில் ஆணுறை இருப்பதைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது. இந்தியாவின் 1956ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருக்க, நீதிமன்றம் அதன் பல்லை மட்டும் கொஞ்சம் பிடுங்கியது.

ஆணுறையைப் பற்றிய வரியை எங்கள் பக்கத்தில் படித்தால் கசப்பான சிரிப்பு வரும். இலங்கையில் முதலாவது எச்ஐவி தொற்றாளர்கள் எண்பதுகளின் பிற்பாதியில் அடையாளம் காணப்பட்டார்கள். அதே காலத்தில், 1986இல், சென்னையில் வைத்தியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இத்தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் தொற்றைக் கண்டுபிடித்தார்கள். அன்றைய பீதியில் எழுந்த குரல் ‘பிடித்து அடை’ என்பதாக இருந்தது. இலங்கையின் சுகாதார அமைச்சு அந்த வழியில் போகவில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு எவரும் கடிதமில்லாமல் போகலாம், காசு இல்லை, விஷயம் வெளியே போகாது. வயதுவந்தோரில் எச்ஐவி தொற்று இந்த நாட்டில் இன்றும் 0.1 வீதத்துக்குக் கீழே இருப்பதற்கு இந்த அமைதியான வேலையும் ஒரு காரணம். ஆனால் அங்கே இலவசமாகக் கொடுக்கும் ஆணுறை, சந்தியில் கைப்பையைத் திறந்து பார்க்கும் பொலிசுக்குச் சான்றுப் பொருள் என்பது இப்பெண்களின் நெடுநாள் முறைப்பாடு. ஒரு அரசாங்கம், இரண்டு கை.

எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. 2013இல் எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தார் நாடு முழுவதும் சுமார் 14,000 பெண்கள் இத்தொழிலில் இருப்பதாக மதிப்பிட்டார்கள். 2018இல் சுமார் 30,000. எண்ணும் முறை திருந்தியதும் இதில் சேர்த்தி. 2022 பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் இந்தப் பக்கம் தள்ளப்படுவதாக வந்த செய்திகள் அந்த மதிப்பீட்டுக்குப் பிந்தியவை.

என்னைக் கேட்டால் அனுமதிப்பத்திரமும் வேண்டாம், பதிவேடும் வேண்டாம். 1841இலிருந்து அந்தப் பெண்ணை எடுத்துவிட்டால் போதும். ‘பொது வேசி’ என்ற பொருளில் தன் சட்டத்தில் வைத்திருந்த சொல்லை இங்கிலாந்தே 2009இல் நீக்கிவிட்டது. நாம் அதன் பழைய பிரதியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தை ஆராயும் ஐக்கிய நாடுகள் குழு 2017இல் இந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டியிருக்கிறது. இதைச் சொன்னால் எங்கள் ஒழுங்கைப் பெரியவர் ஒருவர், ‘அப்ப தம்பி, உதை எங்கடை றோட்டிலை விடச் சொல்லுறீரோ?’ என்கிறார். றோட்டில் விடச் சொல்லவில்லை. அடிவாங்கிய பெண் பொலிசுக்குப் போய் முறைப்பாடு எழுதினால் அவளையே உள்ளே வைக்காத நிலை வேண்டும், அவ்வளவுதான். இன்று அவளிடம் காசு பறித்தவனும் அடித்தவனும் அவள் போகமாட்டாள் என்ற துணிவில்தான் செய்கிறான்.

இதனால் தீராத ஒன்று இருக்கிறது. நுண்கடன் கம்பனிகள் போருக்குப் பிறகு பெண்களைத் தேடித் தேடிக் கடன் கொடுத்தன. கிழமைக்குக் கிழமை கட்டவேண்டிய கடன். 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களைத் தள்ளுபடி செய்தது; அதற்கு மேல் எடுத்தவர்கள், ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்தவர்கள் அப்படியே நின்றார்கள். அந்தக் காலத்தில் கடன் தமையனிடம், சம்மாட்டியிடம். தவணை பிந்தினால் ஏச்சு விழும், இழுத்துப் பிடித்தால் அடுத்த மீன்பாட்டுக்குப் பொறுப்பார்கள். இப்போது மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு வேறு மாவட்டம். இரவு எட்டு மணிவரை முற்றத்தில் இருந்து, கட்டிய பிறகுதான் எழும்புவார். நண்டுக் கம்பனியில் நாட்சம்பளத்துக்கு நிற்கும் பெண்ணுக்கு அந்தத் தவணையும் வீட்டுச் செலவும் ஒரே சம்பளத்தில் ஒப்பேறாது. 1841ஐ நாளைக்கே நீக்கினாலும் அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வருவார்.