இணையத் தேர்தல் சொல்லும் வணிகப் பாடம்

அரசியல் பிரசாரத்திலிருந்து வணிகர்கள் என்ன கற்கலாம்?

2020 ஜூலை 10 சிங்கப்பூர்ப் பொதுத்தேர்தலில், கொவிட்-19 காரணமாகப் பிரசாரக் கூட்டங்களுக்கு அனுமதியில்லை. கட்சிகள் இணையத்தையே மேடையாக்கின. சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் டாக்டர் டான் செங் போக், தமது 80 வயதிலும் இன்ஸ்டகிராமில் இளையர் பேச்சுவழக்கிலேயே பேசி அவர்களைக் கவர்ந்தார். வாடிக்கையாளரின் மொழியில் பேச வேண்டும் என்பது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. அவரை ரசித்தவர்கள் தீவெங்கும் இருந்தனர். அவர் அணிக்கு வாக்களிக்கக்கூடியவர்களோ வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியினர் மட்டுமே. அந்த அணி சுமார் 48 விழுக்காடு வாக்குகள் பெற்றும் தோற்றது.

சிராங்கூன் சாலைக் கடைக்கும் இதே கணக்குதான். தீபாவளி விளம்பரத்துக்குக் கிடைத்த விருப்பக்குறிகளை எண்ணி மகிழ்வதைவிட, அதைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் கடைக்கு வரக்கூடியவர்கள் என்று பாருங்கள். விளம்பரச் செலவை அவர்கள்பால் திருப்புங்கள்.