ரசம் வைக்க மறந்து போன நாள்

16 வருஷமாக நித்தம் வைக்கிற ரசம்தான். அன்று புளித்தண்ணீர் அடுப்பில் கொதிக்கிறது. கையில் ரசப்பொடி டப்பா. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது! கூடத்தில் டி.வி., பக்கத்து வீட்டில் மிக்ஸி, தெருவில் ஆட்டோ ஹார்ன்... எல்லாம் மண்டைக்குள்ளேயே அடிப்பது போலிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று மாமியார் கதவைத் தட்டினார். பதில் சொல்ல வாயில் வார்த்தை வரவில்லை.

முந்தின வாரம்தான் நாத்தனார் கல்யாணம் நடந்திருந்தது. பத்து நாள் வீடு நிறைய விருந்தாளிகள். "உங்க மருமகள் எவ்வளவு கலகலப்பு!" என்று எல்லோரும் மெச்சினார்கள். அந்தக் கலகலப்பெல்லாம் நான் கஷ்டப்பட்டு வரவழைத்துக் கொண்டது என்று யாருக்குத் தெரியும்?

'கல்யாண அலுப்பு, நாலு நாளில் சரியாகும்' என்றார்கள். நாலு மாசமாகியும் சரியாகவில்லை. டாக்டர் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பரிசோதித்தார். கோளாறு ஒன்றுமில்லை. "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார். பிறந்த வீட்டில் 15 நாள் இருந்து பார்த்தேன். அங்கேயும் வருவோர் போவோரிடம் சிரித்துப் பேச வேண்டியிருந்ததே! போனபடியே திரும்பி வந்தேன். "வேலைக்கு வணங்காத உடம்பு" என்று ஒரு பேச்சு காதில் விழுந்தது. நானும் அதை நம்பினேன், அதுதான் கொடுமை.

மகனால் கிடைத்த விடை

அந்தச் சமயத்தில்தான் ஆறு வயது மகனை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். பள்ளிக்கூடத்தில் யாரோடும் ஒட்ட மாட்டேன் என்கிறானே என்ற கவலை. "சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்குவானா? சட்டைக் காலர் உறுத்துதுன்னு அழுவானா? போட்ட திட்டம் திடீர்னு மாறினால் தவிப்பானா?" என்று அந்த அம்மாள் கேட்கக் கேட்க, "நானும் சின்ன வயசுல இப்படித்தான் டாக்டர்" என்று ஐந்தாறு தடவை சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களையும் ஒரு தடவை பார்த்துடலாமா?"

மகனுக்கு ஆட்டிசம். 39-ஆவது வயதில், எனக்கும்!

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது? 1943-ல் அமெரிக்க டாக்டர் லியோ கானர் ஆட்டிசம் பற்றி எழுதிய பிரபலமான கட்டுரையில் 11 குழந்தைகள். அதில் பெண்கள் மூவரே. வெகுகாலம் இதை ஆண் பிள்ளைகளின் விஷயமாகவே நினைத்து வந்தார்கள். பெண்களில் பலர் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி சிரிக்கவும் பேசவும் பழகி, தங்கள் சுபாவத்தை மறைத்துவிடுகிறார்கள். நான் செய்ததும் அதுதான்.

இப்படி மறைத்து மறைத்து ஓய்ந்து போவதற்கு 'ஆட்டிஸ்டிக் பர்ன்அவுட்' என்று பெயர். டோரா ரேமேக்கர் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும், ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமே கேட்டு 2020-ல் இதை விவரித்தார்கள். அடையாளங்கள் மூன்று: தீராத களைப்பு, தெரிந்த வேலையே கைவராமல் போவது, சத்தம் வெளிச்சம் போன்றவற்றைத் தாங்க முடியாமை. பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்குமாம். என் ரசத்தின் கதை அப்படியே இருந்தது! ஏ.டி.ஹெச்.டி. உள்ள பெண்களும் மறதியைச் சமாளித்துச் சமாளித்தே இப்படி ஓய்ந்து போவதாகச் சொல்வதுண்டு.

வேலை செய்து களைத்தால் படுத்துத் தூங்கினால் போதும். வேஷம் போட்டுக் களைத்தவளுக்கு வேஷத்தைக் கலைத்தால்தான் ஓய்வு.

அதைக் கேட்ட என் கணவர் முகம் வாடிவிட்டது. "அப்போ என்கிட்ட சிரிச்சதும் நடிப்புதானா?" என்றார்.

"இல்லீங்க. உங்ககிட்ட மட்டும்தான் நடிக்காம இருந்தேன். அதுக்குள்ள சக்தியெல்லாம் தீர்ந்து, உங்களுக்கு மிச்சம்தான் கிடைச்சுது" என்றேன். மறுநாள் முதல் மிக்ஸி அவர் பொறுப்பு!

நான் செய்து பார்த்தவை

* அரைக்கிற வேலை எல்லாம் ஒரே நேரத்தில். அப்போது காதில் இயர் பிளக் வைத்துக் கொள்வேன்.

* வாரத்துக்கு ஒரே சமையல் பட்டியல். யோசிக்கிற பாரம் பாதி குறைந்தது.

* விசேஷங்களில் முகூர்த்தத்துக்கு மட்டும் தலைகாட்டுவேன்; ரிசப்ஷன் கிடையாது. உறுத்துகிற ஜரிகைப் பட்டுக்குப் பதில் பருத்திப் புடவை.

* விருந்தாளிகள் போன பிறகு, விளக்கணைத்த அறையில் அரை மணி நேரம். யாரும் கூப்பிடக் கூடாது.

* பிடித்த ஒன்றுக்குத் தினமும் கொஞ்ச நேரம். எனக்குப் பழைய தபால்தலைகள்.

ஒன்று சொல்ல வேண்டும், சகோதரிகளே. களைப்பு என்றதும் நீங்களாகவே ஒரு பெயர் வைத்துவிடாதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மனச்சோர்வு நோயும் வெளிப்பார்வைக்கு இதே போலிருக்கும். இரண்டும் சேர்ந்தும் வரலாம். பிரித்தறிவது டாக்டரின் வேலை. 'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

எனக்குத் தேற ஒன்றரை வருஷம் ஆயிற்று. ரசம் மறுபடி கைவந்துவிட்டது. ஆனாலும் செய்முறையை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன், கெட்ட நாளுக்கு உதவட்டும் என்று.

சென்ற மாதம் ஒரு கிருகப்பிரவேசம். நாதஸ்வரம் ஆரம்பித்ததும் மகன் காதைப் பொத்திக் கொண்டான். "கையை எடுடா, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் அம்மா என்னிடம் சொன்ன அதே வார்த்தை! விழுங்கிவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மாமியார் மூச்சிரைக்கப் படியேறி வந்தார், கையில் இரண்டு தட்டு டிபனோடு.

"கீழே ஒரே சத்தம். நீங்க இங்கேயே சாப்பிடுங்க" என்றார்.