பால்நிற எண்ணெய் கூறும் எச்சரிக்கை

கடற்றொழிலாளரின் வெளியிணைப்பு இயந்திரத்திலே, நீருள் அமிழ்ந்திருக்கும் பற்சக்கரங்களைக் காப்பது கியர் எண்ணெயாகும். பொதுவாக 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அதனை மாற்றுதல் வேண்டும்.

இயந்திரத்தை நிமிர்த்தி நிறுத்திக் கீழ்த்திருகாணியையும், பின்னர் மேல்திருகாணியையும் கழற்றினால் பழைய எண்ணெய் வடியும். அதன் நிறத்தை ஊன்றி நோக்குங்கள். பால்போல் வெளுத்திருப்பின், உள்ளே நீர் புகுந்துவிட்டதென்பது பொருள். நீர் புகுந்த வழியை அடைக்காது புது எண்ணெய் இடுவதாற் பயனில்லை. பற்சக்கரங்கள் துருவேறித் தேய்ந்து, நடுக்கடலிலே படகு தத்தளிக்க நேரிடும்.

புது எண்ணெயைக் கீழ்த்துளை வழியாகவே செலுத்துங்கள். அப்பொழுதுதான் உள்ளிருக்கும் காற்று மேலே வெளியேறும். மேல்துளையிற் குமிழியின்றி எண்ணெய் வழிந்ததும், முதலில் மேல்துளையையும் அடுத்துக் கீழ்த்துளையையும் புதிய வாசரிட்டு மூடுங்கள். வடித்த எண்ணெயைக் கடலில் ஊற்றாதீர்கள். கரையிற் செலவிடும் இச்சிறுபொழுது கடலிற் செல்வோர்க்குக் காவலாகும்.