ஒரு பெட்டி, பல பெயர்கள்

நுழையும்முன்

மின்னஞ்சல் வந்தால் அதில் எழுதியிருப்பதைப் படிக்கிறோம். அஃது எந்த முகவரிக்கு வந்தது என்பதை நோக்குவதில்லை. அதனை நோக்கினால் புலப்படும் உண்மைகளைப் பற்றியது இவ்வுரைநடை.

புதுச்சேரியில் பிறந்த கனக சுப்புரத்தினத்தைத் தமிழுலகம் பாரதிதாசன் என்றே அறியும். உறையின்மேல் எப்பெயரை எழுதினாலும் மடல் சேரவேண்டிய வீடு ஒன்றுதான். சுவரொட்டிகளிலும் பத்திரங்களிலும் ஒருவரின் இரு பெயர்களுக்கு இடையே 'என்கிற' என்னும் சொல்லைக் கண்டிருப்பீர்கள். மின்னஞ்சலில் அச்சொல்லின் பணியைச் செய்வது மாற்று முகவரி. அதற்கெனத் தனி அஞ்சல்பெட்டி இல்லை. அதற்கு வரும் மடல், உரியவரின் முதன்மைப் பெட்டிக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது.

நிறுவனங்கள் இம்முறையை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றன. அலுவலர் மாறினாலும் பொறுப்பின் பெயரிலுள்ள முகவரி மாறாது. தனிமனிதருக்கும் இன்று இவ்வசதி உண்டு. ஜிமெயிலில் பெயருக்குப் பின்னே கூட்டல் குறியிட்டு ஒரு சொல்லைச் சேர்த்தாலும் மடல் அதே பெட்டியை அடையும். ஆனால், அக்குறியையும் சொல்லையும் நீக்கிவிட்டு முதன்மை முகவரியைக் கண்டுகொள்வது எவருக்கும் எளிது. எனவே, தொடர்பற்ற எழுத்துகளால் ஆன முகவரிகளை ஆக்கித் தரும் சேவைகள் தோன்றின. ஆப்பிள் நிறுவனம் தன் ஐகிளவுட் பயனர்களுக்கு இத்தகைய வசதியை 2021 இல் அளித்தது.

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் பள்ளிக்கு ஒரு மாற்று முகவரியையும், கல்வி உதவித்தொகை அலுவலகத்திற்கு மற்றொன்றையும், கட்டணமின்றி மாதிரித் தேர்வு நடத்திய இணையதளத்திற்கு வேறொன்றையும் தந்திருந்தார். சில மாதங்களுக்குப் பின் ஒரு மடல் வருகிறது. உதவித்தொகைக்கு அவர் தேர்வாகிவிட்டாராம். இன்று மாலைக்குள் வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் அனுப்பவேண்டுமாம். வீட்டில் இருப்பதோ ஒரே கணக்கு. தந்தையின் மாதக் கூலி முழுவதும் அதில்தான் வந்து சேர்கிறது.

மாணவி விடை எழுதவில்லை. மாற்று முகவரிகளின் செயல்பாட்டுப் பதிவேட்டைத் திறந்தார். மடலின் உள்ளடக்கம் இத்தகைய பதிவேட்டில் பொதுவாக இராது. வந்த நேரம், அனுப்பியதாகக் கூறப்படும் முகவரி, வந்து சேர்ந்த மாற்று முகவரி, பெட்டிக்கு அனுப்பப்பட்டதா மறுக்கப்பட்டதா என்னும் முடிவு ஆகியவை ஒரு வரியில் அடங்கும். அவ்வரியைக் கண்டதும் ஐயம் தீர்ந்தது. உதவித்தொகை அலுவலகத்தின் பெயரில் வந்த மடல், மாதிரித் தேர்வுக்குத் தந்த முகவரியைத் தேடி வந்திருந்தது. அம்முகவரியை அலுவலகம் அறிய வாய்ப்பே இல்லை.

1982 இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் நெறிமுறையில், அனுப்புநர் யாரென்று சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. பின்னர்ச் சில சரிபார்ப்பு முறைகள் சேர்ந்தன; ஆயினும் உண்மையான பெயரைப் போன்ற போலிப்பெயரைச் சூட்டிக்கொள்வோர் இன்றும் உளர். மடலினுள்ளே பெறுநர் பெயரைக்கூட மாற்றி எழுதலாம். ஆனால், உறையின்மேல் இருக்கவேண்டிய பெறுநர் முகவரியில் பொய் எழுத இயலாது. எழுதினால் மடல் வந்து சேராது. வந்தவன் தன் பெயரை மறைக்கலாம். தான் தட்டிய கதவை மறைக்க முடியாது. பதிவேடு குறித்து வைப்பது அக்கதவைத்தான்.

அவ்வாறாயின், அந்த இணையதளம் முகவரியை விற்றுவிட்டது என முடிவுகட்டலாமா? ஆகாது. அங்கிருந்து எவரேனும் திருடியிருக்கலாம். 'தேர்வு' என்பதுபோல் எளிய சொல்லை முகவரியாக வைத்திருந்தால், ஊகித்தே கண்டுபிடித்திருக்கலாம். சொந்தத் தளப்பெயர் வைத்திருப்போர் அதே வேளையின் அண்டை வரிகளையும் பார்க்கவேண்டும். இல்லாத பெயர்கள் பலவற்றுக்கு ஒரே நிமிடத்தில் மடல்கள் வந்து, 550 என்னும் குறியீட்டுடன் மறுக்கப்பட்டிருந்தால் அஃது ஊகத் தாக்குதலாகவே இருக்கக்கூடும். 250 என்பது ஏற்கப்பட்டதையும், 4 இல் தொடங்கும் எண் தற்காலிகத் தடையையும், 5 இல் தொடங்கும் எண் நிலையான மறுப்பையும் குறிக்கும்.

நேரத்திலும் கவனம் வேண்டும். பல பதிவேடுகள் உலகப் பொதுநேரத்தையே காட்டுகின்றன. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. பதிவேட்டில் இரவு எட்டு மணி என்றிருந்தால் நமக்கு மறுநாள் அதிகாலை ஒன்றரை மணி. நாள் தவறினால் புகார் மனுவே பிழையாகும். பழைய வரிகளைப் பல சேவைகள் சில நாள்களில் அழித்துவிடுவதால், ஐயத்திற்குரிய வரியை உடனே படியெடுத்து வைப்பது நலம்.

மாணவி அந்த முகவரியை முடக்க எண்ணினார். அதற்குமுன் அதன் பழைய வரிகளையும் பார்வையிட்டார். நல்லவேளை, பார்த்தார்! நுழைவுத்தேர்வு விண்ணப்பம் ஒன்றிலும் அதே முகவரியைத் தந்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முடக்கியிருந்தால் தேர்வுக்கூட நுழைவுச்சீட்டு பற்றிய மடலும் மறுக்கப்பட்டிருக்கும். விண்ணப்பத்தில் புதிய முகவரியைப் பதிந்து, அதற்கு உறுதிமடல் வந்த வரியைப் பதிவேட்டில் கண்டபின் பழையதை முடக்கினார். அடுத்த வாரம் அதற்கு எதிரே மூன்று வரிகள் இருந்தன. மூன்றின் இறுதியிலும் 'மறுக்கப்பட்டது' என்றிருந்தது.