நாற்பது வயதுக்குள் பல் செட்: எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டியவை

மாடு வாங்கப் போனால் முதலில் வாயைத் திறந்து பார்ப்பது நம் வழக்கம். பல் போடாத கன்றா, இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் விலை பேச்சு. ஆனால் அதே விவசாயி தன் வாயைக் கண்ணாடியில் திறந்து பார்ப்பது வலி வந்த பிறகுதான். அதற்குள் நாலைந்து பல் ஆடத் தொடங்கியிருக்கும். இரண்டு மூன்று சொத்தை வேர் வரை இறங்கியிருக்கும். "ஏனுங்க டாக்டர், ஒண்ணொண்ணா வந்து அலைய முடியாதுங்க. எல்லாத்தையும் எடுத்துப்போட்டு ஒரு செட்டு வெச்சுருங்க" என்று கேட்பவர்களில் முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்களும் இருக்கிறார்கள்.

சேலம், நாமக்கல் பக்கம் இதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். வெற்றிலைக்குப் பரமத்தி வேலூர், பாக்குக்கு வாழப்பாடி. இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் விளைகின்றன. அதோடு புகையிலையும் சேர்ந்தால் ஈறு கெடுகிறது. புகை பிடிப்பவருக்கு ஈறில் ரத்தக் கசிவு குறைவாகத் தெரியும் என்பதால், நோய் முற்றும் வரை தெரிவதே இல்லை. சர்க்கரை நோய் இன்னொரு காரணம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் கூடும், ஈறு நோய் கூடினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமம். இளவயதிலேயே பல வரிசையில் பல் ஆடுகிறது என்றால், பல்லைப் பார்க்கும் முன் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது காரணம் தண்ணீர். தருமபுரி, சேலம் பகுதியின் பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய நீரைச் சிறு வயதில் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழும். நாட்டின் பழைய பதிவுகளில் ஒன்றும் நம் பக்கத்திலிருந்துதான். குடிநீரில் உள்ள புளோரைடு எலும்பு வரை தாக்குவது 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்திலிருந்து பதிவானது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் இதற்காகத்தான்.

பெண் பார்க்க வருகிறார்கள், வேலைக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறது என்று இந்தப் பழுப்புப் பல்லை எடுத்துவிட்டுச் செட் வைக்க நினைக்கும் இளைஞர்களும் இளம்பெண்களும் உண்டு. கூச்சம் நியாயமானது, முடிவுதான் தவறு. பழுப்பேறிய பல் பெரும்பாலும் வேரில் உறுதியாகவே இருக்கும். கறையை மங்கச் செய்யலாம், மேலே பல் நிறச் சிமென்ட் பூசலாம், அதிகம் சேதமான பல்லுக்குக் கேப் போடலாம். சிரிக்கும்போது தெரிவது முன்பக்கத்து ஆறு முதல் எட்டுப் பல்தான். அதற்காக வாய் முழுவதையும் காலி செய்வது, இலைப்புள்ளி விழுந்ததென்று தோப்பையே வெட்டுவது போல.

பல்லை எடுத்தால் பல் மட்டும் போவதில்லை. வேர் இருக்கும் வரைதான் தாடை எலும்பு தன் உயரத்தில் நிற்கும். வெட்டிவேர் பிடுங்கிய வரப்பு கரைவதைப் போல, வேர் போனதும் எலும்பு கரையத் தொடங்கும். முதல் ஆண்டில் வேகமாகக் கரையும், பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். மேல் தாடையைவிடக் கீழ்த் தாடை பல மடங்கு கரைகிறது. மேல் செட் அண்ணத்தில் காற்றுப் புகாமல் ஒட்டி நிற்கும். கீழ் செட்டுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. நாக்கு அசைய அசைய அதுவும் அசையும். எழுபது வயதில் செட் போடுபவர் பத்துப் பதினைந்து ஆண்டு சமாளித்தால் போதும். முப்பத்தெட்டில் போடுபவருக்கு இன்னும் முப்பது நாற்பது ஆண்டு இருக்கிறது. ஒரு செட் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை உழைக்கும் என்று வைத்தாலும், ஒவ்வொரு புதுச் செட்டும் முன்பைவிடக் குறைந்த எலும்பின் மேல்தான் உட்கார வேண்டும். கடைசியில் வரும் செட்டுக்குப் பிடிக்க இடமே இருக்காது. இன்றைய செலவை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடும் கணக்கு இது.

இந்தத் தவறைப் பெரிய நாடுகளும் செய்திருக்கின்றன. இங்கிலாந்தில் ஒரு காலத்தில், பின்னால் செலவு வைக்கக் கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே பெண்ணின் பல் எல்லாவற்றையும் எடுத்துச் செட் வைப்பதைச் சீராகவே கொடுத்த குடும்பங்கள் இருந்தன. 1948இல் அரசு இலவச மருத்துவம் தொடங்கியபோது செட்டுக்கு முண்டியடித்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் 1951இல் கட்டணம் விதித்தார்கள். 1968இல் எடுத்த கணக்கில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிப் பெரியவர்களில் 37 சதவீதம் பேருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. 2009இல் அது இங்கிலாந்தில் 6 சதவீதமாகிவிட்டது. பல்லைக் காப்பாற்றுவதே மேல் என்று அங்கே புரிந்ததும் ஒரு காரணம்.

அதற்காக எப்போதும் செட் வேண்டாம் என்பதல்ல. பல்லைச் சுற்றி எலும்பே இல்லாமல், விரலால் தொட்டாலே மேலும் கீழும் ஆடும் பல்லை வைத்திருப்பதில் பயனில்லை. சீழ் கோத்துக்கொண்டே இருந்தால் உடம்புக்கும் கேடு. மென்று தின்ன முடியாமல் காய், கடலையெல்லாம் ஒதுக்கி ரசச் சோற்றிலேயே காலம் தள்ளுபவர் நல்ல செட் போட்ட பிறகு தெளிவடைவதும் உண்டு. மருத்துவரிடம் கேட்க வேண்டியது "செட் போடலாமா" என்றல்ல, "எந்தெந்தப் பல்லைக் காப்பாற்ற முடியும்" என்றுதான். எக்ஸ்ரே எடுத்து, ஈறைச் சுத்தம் செய்து, சில வாரம் கழித்து மறுபடி பார்த்தால் ஆடிய பல் சில இறுகியிருக்கும். சொத்தைக்கு வேர் சிகிச்சை இருக்கிறது. நாலைந்து பல் மட்டும் போனால் பாதி செட் போதும். எல்லாமே போக வேண்டிய நிலையிலும் கீழ்த் தாடையில் இரண்டு கோரைப்பல்லின் வேரையாவது விட்டுவைக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த வேரின் மேல் செட் உட்கார்ந்தால் எலும்பும் நிற்கும், செட்டும் ஆடாது. வசதி இருப்பவர்கள் கீழ்த் தாடையில் இரண்டு ஸ்க்ரூ வைத்து அதில் செட்டை மாட்டிக்கொள்ளலாம்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. அரியானூரிலும் திருச்செங்கோட்டிலும் உள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வதால் பொதுவாகச் செலவு குறையும், நடை கூடும். சந்தை ஓரத்தில் ஒரே நாளில் பல் கட்டித் தருபவரிடம் மட்டும் போக வேண்டாம். பக்கத்துப் பல்லோடு கம்பி சுற்றி, பசை ஊற்றி ஒட்டிவிடுவார்கள். அடியில் சோறு அடைந்து நல்ல பல்லும் சேர்ந்து போய்விடும்.

பல் எடுப்பதை அறுவடை முடிந்து வேலை ஓய்ந்த நாட்களில் வைத்துக்கொள்வது நல்லது. எடுத்த அன்று வெயிலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்யக் கூடாது, துப்பக் கூடாது, புகையிலை கூடவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. புண் ஆறி ஈறு உருப்பட இரண்டு மூன்று மாதம் ஆகும். செட்டுக்கு நாலைந்து நடை போக வேண்டும். மெழுகில் பல் அடுக்கிக் காட்டும் நாள்தான் முக்கியம். அன்று வீட்டுக்காரம்மாவையோ வீட்டுக்காரரையோ கூட்டிக்கொண்டு போங்கள். பழைய கல்யாணப் போட்டோவையும் எடுத்துப் போகலாம். பல் பெரிதாக இருக்கிறது, உதடு உப்புகிறது என்றால் அன்றே சொல்லிவிட வேண்டும். செட் வார்த்த பிறகு மாற்றுவது கடினம்.

முழு செட்டின் கடிக்கும் பலம் சொந்தப் பல்லில் நாலில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் சில வாரம் ராகிக் களியும் குழைந்த சோறும் எளிது. பிறகு இரண்டு பக்கமும் வைத்துச் சமமாக மெல்லப் பழக வேண்டும். முன்பல்லால் கரும்பு கடிப்பதும், தட்டுவடை கடிப்பதும், மூட்டைத் தையலை இழுப்பதும், தார்ப்பாய்க் கயிற்றை வாயில் கவ்விக் கட்டுவதும் அதோடு முடிந்தது. வறுத்த நிலக்கடலையின் துணுக்கு செட்டுக்கு அடியில் போனால் முள் குத்தியது போல வலிக்கும். பேச்சு குழறினால் தினமும் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தால் பழகிவிடும். ஈறில் புண் பட்டால் அரத்தாலும் உப்புத்தாளாலும் செட்டைத் தேய்க்க வேண்டாம். மருத்துவரிடம் போகும் முன் சில மணி நேரம் மாட்டியிருந்தால்தான் எங்கே அழுத்துகிறது என்று அவருக்குத் தெரியும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், கொதிநீரில் போட்டால் கோணிவிடும்.

வெற்றிலை பாக்கு நெடுநாள் போட்டவர்களுக்கு இன்னொன்று. வாய் முன்பு போல் அகலத் திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருக்கிறது, புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் செட் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதைக் காட்ட வேண்டும். புற்றுநோயின் தொடக்கமாக அது இருக்கலாம்.

வீட்டில் எட்டு வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்தால் இப்போதே செய்ய ஒரு வேலை இருக்கிறது. நிலைத்த பல்லின் மேல்பூச்சு உருவாகும் வயது அதுதான். பழுப்பு விழுவதும் அப்போதுதான். போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் புளோரைடு அளவைப் பார்க்கலாம். காய்ச்சினால் புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். அளவு அதிகம் என்றால் போர் தண்ணீரைத் துவைக்கவும் மாட்டுக்கொட்டகை கழுவவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் குழாய்த் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ தனிக் குடத்தில் வையுங்கள்.