‘பதிந்தாகிவிட்டது’ என்று எப்போது சொல்லலாம்?

அட்டவணைத் தரவுத்தளங்கள் எல்லாரையும் ஒரே அச்சுக் கட்டத்துக்குள் அடைப்பவை. பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் ஒரு கிளினிக்கின் முகப்பு மேசையை நினைத்துப் பார்த்தால் அந்த அச்சின் தொல்லை விளங்கும். ‘பின்’ போட்டுத் தகப்பன் பெயர் சொல்லும் மலாய்க்காரர், குடும்பப் பெயரை முன்னால் வைக்கும் சீனர், ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று சாய்கோட்டோடு தந்தை பெயரைச் சேர்க்கும் தமிழர் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கும் ஊர் இது. டத்தோ கிராமாட் சட்டமன்றத் தொகுதியில் 2013, 2018, 2023 தேர்தல்களில் வென்ற ஜக்தீப் சிங் டியோ, அரசியல்வாதி கர்பால் சிங்கின் மகன். இருவர் பெயரிலும் உள்ள ‘சிங்’கைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால் ஊரிலுள்ள சீக்கியர் பலரும் ஒரே குடும்பமாகிவிடுவார்கள். ஆவணத் தரவுத்தளத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் ஆவணம். ஒருவருக்கு இருக்கும் கட்டம் இன்னொருவருக்கு இருக்கவேண்டும் என்பதில்லை. இந்த வசதியில் மயங்கித்தான் பலர் மோங்கோடிபி என்ற ஆவணத் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு தரவுத்தளத்திடம் முதலில் கேட்கவேண்டியது, ‘பதிந்தாகிவிட்டது’ என்று நீ எப்போது சொல்வாய் என்பதைத்தான்.

தட்டச்சு செய்த தகவல் முதலில் கணினியின் நினைவகத்துக்குப் போகிறது. மின்சாரம் போனால் அது அழியும். பிறகுதான் வட்டுக்குப் போகிறது, தேவையானால் அங்கிருந்து வேறு கணினிகளுக்கு நகலாகிறது. இந்தப் பயணத்தில் எந்தப் படியில் பதில் சொல்வது என்பது வடிவமைத்தவர் முடிவு. 2009-இல் வெளிவந்த மோங்கோடிபியில், 2012 நவம்பர் வரை, நிரல்கள் வழக்கமாகப் பதிலுக்கே காத்திருக்கவில்லை. தகவலை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். பதிவில் பிழை நேர்ந்தாலும் காதில் விழாது. அந்நாளைய வேக ஒப்பீடுகள் பிரமிக்க வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கடிதத்தைத் தபால் பெட்டியில் போட எடுத்த நேரத்தை அளந்துவிட்டு, அதையே கடிதம் போய்ச் சேர்ந்த நேரம் என்று சொன்ன கதை அது. வேகமும் பத்திரமும் தனித்தனிக் குணங்கள் போலப் பட்டியலிடப்படுகின்றன. உண்மையில் பெரும்பாலும் அவை ஒரே திருகாணியின் இரு பக்கத் திருப்பம்.

பழங்கதை பேசலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2021 ஜூலையில் வந்த 5.0 பதிப்பிலிருந்து, பெரும்பான்மை நகல்களில் ஏறிய பிறகே பதில் சொல்வது இயல்பு நிலையாகியிருக்கிறது. ஆனால் அந்த இயல்பை ஒரே வரியில் மாற்றிவிடலாம். பழைய அமைப்பு வரிகளோடு புதிய பதிப்புக்கு மாறும் நிரலில் பழைய வழக்கமும் கூடவே வந்துவிடும். தரவுத்தளங்களின் வாக்குறுதிகளைச் சோதிக்கும் கைல் கிங்ஸ்பரி தமது ஜெப்சன் சோதனைகளில், வலையமைப்பு அறுபடும்போது ‘பதிந்தது’ என்று சொல்லப்பட்ட தகவலும் தொலைவதை 2013-இல் காட்டினார். 2020-இல் 4.2.6 பதிப்பைச் சோதித்தபோது, மிகக் கண்டிப்பான அமைப்பிலும் பரிவர்த்தனைகள் வாக்களித்தபடி நடக்கவில்லை. விளம்பரத்தை நம்பி வாங்கக்கூடாத பொருள்களில் இதுவும் ஒன்று.

பதிவு உறுதியாகும் வரை காத்திருந்தால் வேகம் குறையாதா? குறையும், சில மில்லிவினாடிகள். நோயாளியின் விவரத்தைப் பதியும் மேசையில் அது யார் கண்ணுக்கும் படாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சோதனைக் கருவிகள் ஓயாமல் அளவுகளைக் கொட்டுகின்றன என்றால் கணக்கு வேறு: அங்கே ஓர் அளவு தொலைந்தால் அடுத்தது வந்துவிடும், வேகத்தின் பக்கம் சாயலாம். கிளினிக்குக்கு என் தேர்வு போஸ்ட்கிரெஸ் என்ற அட்டவணைத் தரவுத்தளம். வட்டில் எழுதிய பிறகே பதில் சொல்வது அதன் இயல்பு. 2014 டிசம்பரில் வந்த 9.4 பதிப்பு முதல் ஜேசன்பி என்ற வகையில் ஆவணங்களையும் வைத்துக்கொள்கிறது, பெயர்ச் சிக்கல் அதில் தீரும். பெரிய ஆவணத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் முழு வரிசையையும் திரும்ப எழுதும் என்பது குறைதான். பல கணினிகளில் தரவைப் பிரித்துப் போடுவதில் மோங்கோடிபியின் லாகவமும் அதற்கு இல்லை. ஒரு கிளினிக்குக்கு இரண்டும் பெரிய இழப்பல்ல.

வட்டில் ஏறிவிட்டால் மட்டும் பத்திரம் ஆகிவிடாது. 2017 ஜனவரியில், கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி தளங்களை ஊடுருவிகள் அழித்து, பணம் கேட்டுக் குறிப்பு வைத்துவிட்டுப் போனார்கள். அதே ஆண்டு வந்த 3.6 பதிப்புதான், தான் இருக்கும் கணினிக்கு மட்டும் கதவு திறப்பதை எங்கும் இயல்பாக்கியது. கடவுச்சொல்லை நாமாகத்தான் இயக்கவேண்டும். மலேசியாவில் 2025 ஜூன் 1 முதல், தனிநபர் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம்.

பத்திரமாக வைத்ததைத் தேடி எடுக்கவும் வேண்டும். பயன்படுத்தும் எளிமை என்றதும் அழகான திரையை நினைக்கிறோம். தமிழுக்கு அது எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘கோமதி’யின் முதலெழுத்தில், ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேர்க்கலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் இரு குறியீடுகளாகவும் சேர்க்கலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது, திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் தேடலுக்கு இவை வேறு வேறு பெயர்கள். பதியும்போதே எழுத்தை ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால், அப்படி ஒப்பிடும் எந்தத் தரவுத்தளமும் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று சொல்லும். மேசையில் இருப்பவர் கோமதிக்கு இரண்டாவது ஆவணம் திறப்பார். பென்சிலின் ஒவ்வாது என்ற குறிப்பு, வட்டில் மிகப் பத்திரமாக, முதல் ஆவணத்தில் இருக்கும்.